கைராசி டாக்டர்னு யாரும் கிடையாது

1.
கொஞ்சம் நீளமான த்ரெட் நண்பர்களே. நேரம் இல்லாதவங்க கடைசியில இருக்கிற பாம்புக்கடி முதலுதவிப் பதிவை மட்டும் படிச்சிட்டு, வீட்டுல இருக்கிறவங்களுக்கும் சொல்லிடுங்க. நேரம் இருக்கிறவங்க உட்காருங்க. அதிர்ஷ்டம், தலையெழுத்து, அரசியல் மூணையும் பத்திக் கொஞ்சம் பேசணும்.

2.
போன வாரம் பைக்கை சர்வீஸுக்கு விட்டிருந்ததால் கோவில்பட்டியிலிருந்து புதூருக்குப் பஸ்ஸில் வந்தேன். எட்டயபுரத்தில் கூட்டம் ஏறியது. அதில் ஒரு பெரியவர், எழுபது வயசு இருக்கும். என்னையே உத்துப் பார்த்தவர், பக்கத்துச் சீட்டுப் பையனை எழுப்பிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"டாக்டரய்யா, என்னைத் தெரியுதா?"

எனக்குத் தெரியலை. வேட்டியை மடக்கி கெண்டைக்கால் தழும்பைக் காட்டினார். தெரிஞ்சிடுச்சு. போன வருஷம் தை மாசம், உளுந்து பிடுங்கும்போது கண்ணாடி விரியன் கடிச்சு வந்தவர்.

3.
அவ்வளவுதான். பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பிச்சுட்டார். "ஏய், இவுகதான் எனக்கு உசிர் குடுத்தவுக. கைராசியான டாக்டரு. இவுக கையால ஒரு ஊசி போட்டாப் போதும்."

பின் சீட்டிலிருந்து ஒரு அம்மா பேரனின் சளிக்கு மருந்து எழுதிக் கேட்டாங்க. கண்டக்டர் தன்னோட சுகர் ரிப்போர்ட்டை போனில் காட்டினார். பெரியவர் மகள் வீட்டுக்குன்னு வாங்கின கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரிச்சு என் கையில் ரெண்டு வில்லையைத் திணிச்சார்.

சந்தோஷமாத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா மிட்டாய் தொண்டையில் இறங்கலை. காரணம், இவருக்கு முன்னாடி அதே பக்கத்து ஊரில் ஒரு அக்கா இருந்தாங்க.

4.
நாலு வருஷத்துக்கு முந்தின கதை. அந்த அக்காவுக்கு முப்பத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கும். ரெண்டு பிள்ளைங்க. மக்காச்சோளக் கருது ஒடிச்சிட்டுப் பொழுது சாயுற நேரத்துக்கு வீட்டுக்குத் திரும்பும்போது வரப்போரம் கடி. அதே பாம்பு, கண்ணாடி விரியன்.

வீட்டுக்காரர் முதல்ல கூட்டிட்டுப் போனது அந்த ஊர்ல வேர் கொடுக்கிற அண்ணாச்சிகிட்ட. அங்க மந்திரிச்சு, பச்சிலை கொடுத்து, கயிறு கட்டி, ரெண்டரை மணி நேரம் போயிருச்சு. ஈறில் ரத்தம் கசிய ஆரம்பிச்ச பிறகுதான் பயந்து ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டிருக்காங்க. அந்த நேரம் பக்கத்துல இருந்த வண்டி ஒரு பிரசவக் கேஸோட போயிருந்தது. அதைத் தப்பு சொல்ல முடியாது, அதுவும் உயிர்தான். கடைசியில ஒரு லோடு ஆட்டோவில் வந்தாங்க.

5.
எங்ககிட்ட வந்ததும் செய்ய வேண்டியதைச் செஞ்சோம். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, 20 நிமிஷம் ஆட்டாம வைப்போம். நல்ல ரத்தம்னா உறைஞ்சிடும். உறையாம தண்ணி மாதிரி இருந்தா விரியன் விஷம் வேலை செய்யுதுன்னு அர்த்தம். அந்த அக்காவுக்கு உறையலை. விஷமுறிவு மருந்து 10 குப்பி போட்டு, டயாலிசிஸ் வசதி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

சிறுநீரகம் ரெண்டும் நின்னு போய், மூணாம் நாள் இறந்துட்டாங்க.

6.
அதே பாம்பு. அதே ஆஸ்பத்திரி. அதே மருந்து. ஊசி போட்டதும் இதே கைதான். ஒருத்தர் பஸ்ஸில் கடலைமிட்டாய் கொடுக்கிறார். இன்னொருத்தர் இல்லை.

அப்போ கைராசி எங்க போச்சு?

7.
நம்ம ஊர்ல வேர் கொடுக்கிறவங்களுக்கு எப்படிப் பேர் வருதுன்னு ஒரு விஷயம் சொல்றேன்.

நம்மைக் கடிக்கிற பாம்புகள்ல நிறைய, விஷமே இல்லாதவை. விஷமுள்ள பாம்பும் ஒவ்வொரு தடவையும் விஷத்தை இறக்குறதில்லை; வெறும் பல் மட்டும் பட்ட கடியும் உண்டு. இவங்கல்லாம் வேர் தின்னாலும் பிழைப்பாங்க, வெல்லம் தின்னாலும் பிழைப்பாங்க. பிழைச்சவர் ஊர் முழுக்கச் சொல்லிட்டு வருவார். பிழைக்காதவர் வந்து சொல்லப்போறதில்லை. அவரோட கணக்கு "விதி"ங்கிற பேர்ல தனி நோட்டுல எழுதப்படும்.

இப்படித்தான் ஒருத்தருக்குக் கைராசி உருவாகுது. உண்மையைச் சொன்னா, என் கைராசியும் இதே கணக்குல வந்ததுதான்.

8.
இப்போ எனக்கு உறுத்துற இடத்துக்கு வர்றேன்.

அந்த அக்கா இறந்து ஒரு மாசம் கழிச்சு, அவங்க அம்மா ஒரு சான்றிதழ் விஷயமா ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. எனக்கு அவங்க முகத்தைப் பார்க்கவே தயக்கம். அந்தம்மாவே பேசினாங்க. "ஒங்க மேல குத்தமில்ல யய்யா. நீங்க என்ன செய்வீக? அவ தலையெழுத்து அம்புட்டுத்தான்."

அந்த நிமிஷம் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? நிம்மதி. "அப்பாடா"ன்னு இருந்தது. ராத்திரி வீட்டுக்கு வந்து சோறு தின்னும்போதுதான் அந்த நிம்மதியை நினைச்சு வெட்கமாப் போச்சு.

9.
ஏன்னா அதுக்கு ஆறு மாசம் முன்னாடியே கிராம சுகாதார செவிலியர் என்கிட்டச் சொல்லியிருந்தாங்க. "சார், அந்த ஊர்ல எல்லாரும் பாம்பு கடிச்சா முதல்ல அந்த அண்ணாச்சிகிட்டத்தான் போறாங்க. ஒரு நாள் வந்து பேசுங்க சார்."

நான் என்ன சொன்னேன்? "இந்தச் சனங்க திருந்தாது சிஸ்டர்."

ஓபியில் இருநூறு பேர் நின்னாங்க, நான் களைச்சிருந்தேன், எல்லாம் உண்மை. ஆனா எனக்குத் தெரிஞ்சிருந்தது. தெரிஞ்சும் போகலை. அந்தம்மா "தலையெழுத்து"ன்னு சொன்னதும், என்னோட போகாத அந்த ஒரு நாள் அதுக்குள்ள ஒளிஞ்சுகிச்சு.

10.
அந்த வாரமே போனேன். வேர் கொடுக்கிற அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். சண்டை போடத்தான் போனேன். அவர் டீ வாங்கி வரச் சொல்லிட்டு, மெதுவா ஒண்ணு சொன்னார். "எனக்கும் பயந்தான் சார். வீட்டு வாசல்ல கொண்டாந்து போட்டுட்டா நான் என்ன செய்ய? முடியாதுன்னு சொன்னா எங்க அப்பன் பேரு போயிருமே."

அவரையும் நான் ஒரு ஆளாவே நினைச்சதில்லை. அன்னிக்குப் பேசி முடிவெடுத்தோம். யார் வந்தாலும் அவர் விபூதி பூசட்டும், சாமி பேரைச் சொல்லட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. கயிறு கட்டக்கூடாது, கீறக்கூடாது, அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிறுத்தி வைக்கக்கூடாது. உடனே எங்களுக்கு போன்.

11.
பஸ்ஸில் பார்த்த பெரியவரைப் போன வருஷம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தது யார்? அந்த அண்ணாச்சிதான். தன்னோட டிவிஎஸ் எக்ஸலில் நடுவுல உட்கார வச்சு, பின்னாடி ஒரு பையனைப் பிடிச்சுக்கச் சொல்லி, கடிபட்ட முக்கால் மணி நேரத்துக்குள்ள கொண்டாந்து சேர்த்துட்டார்.

பெரியவர் அதை அதிர்ஷ்டம்ங்கிறார். எனக்குத் தெரியும், அந்த முக்கால் மணி நேரத்துக்கு ஒரு அக்கா உயிர் போயிருக்கு.

12.
பெரியவரைக் காப்பாத்தின கைகளை எண்ணிப் பார்ப்போமா?

வண்டி ஓட்டின அண்ணாச்சி கை. உள்ளே நுழைஞ்சதும் ரத்தக்குழாயைப் பிடிச்ச ஸ்டாஃப் நர்ஸ் கை. அறுவடை சீசன் வருதுன்னு மார்கழியிலேயே கூடுதலா மருந்து கேட்டு இன்டென்ட் எழுதின மருந்தாளுநர் கை. அந்த மருந்தை மொத்தமா வாங்கி மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்புற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அது 1994-ல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம். "மருந்து வெளியில வாங்கிட்டு வாங்க"ன்னு சீட்டு எழுதுற வழக்கம் பெருமளவு குறைஞ்சதுக்கு அந்த ஒரு முடிவும் முக்கியக் காரணம்.

13.
இன்னும் பின்னாடி போனா, பாம்பைப் பிடிச்ச கை. விஷமுறிவு மருந்து தயாரிக்கப் பாம்பு விஷம் வேணும். சென்னைக்குப் பக்கத்துல வடநெம்மேலியில் 1978-லிருந்து இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கு. இந்தியாவில் விஷமுறிவு மருந்துக்குத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு அவங்க எடுத்துக் கொடுக்கிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைச்சது.

நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்து. அது உங்க ஊர் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக் கிடைக்கிறதுக்குப் பின்னாடி இத்தனை கை இருக்கு. கடைசியில ஊசியைத் தள்ளின ஒரு கட்டைவிரல் மட்டும்தான் என்னோடது. பேர் எனக்கு.

14.
இந்தியாவுல பாம்புக்கடியால வருஷத்துக்குச் சராசரியா 58,000 பேர் இறக்கிறதா 2020-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு கணிச்சது. பெரும்பாலும் கிராமம், பெரும்பாலும் வயல் வேலை. உலக சுகாதார நிறுவனம் 2017-ல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியலில் முன்னுரிமை கொடுத்துச் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. அதாவது, இனி ஒவ்வொரு கடியையும் ஒவ்வொரு சாவையும் ஆஸ்பத்திரிகள் அரசுக்குக் கணக்குக் காட்டணும்.

"கணக்கு எழுதினா உசிர் வந்துருமா?"ன்னு கேட்கலாம். எண்ணப்படாத சாவெல்லாம் விதியாவே இருந்துடும். எண்ண ஆரம்பிச்சாதான் "இந்த ஒன்றியத்துல மட்டும் ஏன் இத்தனை?"ன்னு ஒரு அதிகாரி கேட்பார்.

15.
இங்கதான் சிலர் வந்து, "டாக்டர், நீங்க மருத்துவம் மட்டும் பேசுங்க, அரசியல் வேண்டாமே"ம்பாங்க.

நான் அரசு ஊழியர். கட்சி அரசியல் பேச நடத்தை விதிகள் எனக்கு இடம் கொடுக்காது, எனக்கு அதில் ஆசையும் இல்லை. ஆனா ஒரு ஊருக்கு ரோடு வருதா, அந்த ரோட்டுல கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஆஸ்பத்திரியில் ராத்திரி நர்ஸ் இருக்காங்களா, இதெல்லாம் அரசியல் முடிவுதான். இதைப் பேசாம நான் எந்த மருத்துவத்தைப் பேசுறது?

1848-ல் ருடால்ஃப் விர்ஹோன்னு ஒரு இளம் ஜெர்மன் டாக்டரை, அப்போ அவருக்கு 26 வயசு, டைஃபஸ் காய்ச்சல் பரவின ஏழை மாகாணத்துக்கு அரசாங்கம் அனுப்பிச்சு. அவர் திரும்பி வந்து எழுதின அறிக்கையில் மருந்து பத்தி மட்டும் இல்லை. அந்த மக்களுக்குப் பள்ளிக்கூடம் வேணும், ரோடு வேணும், தங்களைத் தாங்களே ஆளுற உரிமை வேணும்னு எழுதினார். அனுப்பினவங்களுக்குப் பிடிக்கலை. ஆனா இன்னிக்கும் பொதுச் சுகாதாரம் படிக்கிறவங்க அவர் பேரைப் படிக்காம தாண்ட முடியாது.

16.
என் அதிர்ஷ்டத்தையும் சொல்லிடறேன். மத்தவங்களோடதை மட்டும் பிரிச்சுப் பார்த்தா நியாயமில்லை.

எங்க அம்மா தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவங்க. அப்பாவுக்கு மூணு ஏக்கர் மானாவாரிக் கரிசல். நான் பிளஸ் டூ முடிச்சது 2007. அந்த வருஷம்தான் தமிழ்நாட்டுல மருத்துவம், என்ஜினியரிங் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வை ரத்து பண்ணின சட்டம் அமலுக்கு வந்தது. பிளஸ் டூ மார்க் மட்டும் போதும்னு ஆச்சு. கோச்சிங் சென்டர் வாசலையே மிதிக்காத நான் எம்பிபிஎஸ் சேர்ந்தேன்.

17.
எங்க ஸ்கூல்ல எனக்கு ஒரு வருஷம் மேல ஒரு அண்ணன் படிச்சார். எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். பிளஸ் டூவில் என்னைவிட நல்ல மார்க். நுழைவுத் தேர்வுல கொஞ்சம் குறைஞ்சது. இன்னிக்குத் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுறார். நல்லாத்தான் இருக்கார், பொங்கலுக்கு வந்தா என்னை "டாக்டர் தம்பி"ன்னு கூப்பிட்டு ஊர் சுத்திக் காட்டுவார்.

"அப்போ நீங்க உழைக்கலையா டாக்டர்?" உழைச்சேன். அவரும் உழைச்சார். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்தது ஒரு வருஷமும் ஒரு சட்டமும்.

18.
அந்தக் கதவு 2016 வரைக்கும் பத்து வருஷம் திறந்திருந்தது. 2017-லிருந்து நீட். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு வேற ஒரு கதவு திறந்துச்சு. எது சரி, எது தப்புன்னு நீங்க உங்க கருத்தை வச்சுக்கோங்க. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். கரிசக்காட்டுல பிறந்த ஒரு பிள்ளை டாக்டராகிறதை "அதிர்ஷ்டக்காரப் பிள்ளை"ன்னு சொல்லி முடிச்சிடாதீங்க. அந்த அதிர்ஷ்டத்துக்கு அரசாணை எண் உண்டு, தேதி உண்டு, கையெழுத்து உண்டு.

தலையெழுத்துன்னு நாம சொல்றதுல நிறைய, யாரோ ஒருத்தர் போட்ட கையெழுத்து. இல்லேன்னா போடாம விட்ட கையெழுத்து.

19.
என் பஸ் நின்ன எட்டயபுரத்தையே எடுத்துக்கோங்க. பாரதி பிறந்த ஊர்னு எல்லாருக்கும் தெரியும். காமராஜர் முதலமைச்சரா இருந்தப்போ 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வச்சது அங்கதான். பசியோட வகுப்புல உட்கார்றது அதுக்கு முன்னாடி ஏழைப் பிள்ளையோட தலையெழுத்து. சென்னையில் நீதிக்கட்சிக் காலத்துல, 1920-லேயே மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கினது, காமராஜர் காலத்துல இந்தக் கரிசலுக்கு வந்துச்சு. 1982-ல் எம்ஜிஆர் சத்துணவாப் பெருசாக்கினார். கருணாநிதி காலத்துல முட்டை வந்தது. 2022-ல் காலை உணவும் சேர்ந்தது.

கட்சி மாறுச்சு, ஆட்சி மாறுச்சு, சோறு நிக்கலை. ஒருத்தர் போட்ட கையெழுத்தை அடுத்தவர் அழிக்காம, பக்கத்துல தன் கையெழுத்தையும் போட்டார். நம்ம ஊர் அரசியல்ல நான் பெருமைப்படுற விஷயம் இது.

20.
பிரசவமும் அப்படித்தான். எங்க பாட்டி காலத்துல பிரசவத்துல பொம்பளை செத்தா "அவ கொடுத்து வச்சது அவ்வளவுதான்". ரொம்பப் பின்னாடி போக வேண்டாம். 2001-03 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல ஒரு லட்சம் பிறப்புக்கு 134 தாய்மார் இறந்தாங்க. 2018-20-ல் அது 54. அதே காலத்துல இந்தியச் சராசரி 301-லிருந்து 97 ஆச்சு.

134-க்கும் 54-க்கும் நடுவுல விதி மாறலை. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம், மூணு ஸ்டாஃப் நர்ஸ், 2008-ல் வந்த 108 ஆம்புலன்ஸ், ரத்த வங்கி, ஒவ்வொரு சாவையும் கலெக்டர் முன்னாடி உட்கார்ந்து "ஏன்?"னு கேட்கிற கூட்டம், இதெல்லாம் சேர்ந்துதான் வித்தியாசம்.

21.
"அப்போ அதிர்ஷ்டமே இல்லைங்கிறீங்களா?" இருக்கு நண்பர்களே. ஒரு குழந்தை எந்த மரபணுவோட பிறக்கும், எந்த வரப்புல எந்தப் பாம்பு படுத்திருக்கும், யாருக்குத் தெரியும்? கரிசல்காரங்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. புரட்டாசியில் விதையைப் போட்டுட்டு வானத்தைப் பார்த்து உட்கார்றதுதான் நம்ம பிழைப்பே.

2023 டிசம்பர் 17, 18 நினைவிருக்கா? நம்ம மாவட்டத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சு. இந்தப் பக்கமும் வாய்க்கால் எது வயல் எதுன்னு தெரியாம மக்காச்சோளமும் உளுந்தும் தண்ணிக்குள்ள நின்னுச்சு. மழை இல்லாம அழுத சனம் அந்த வருஷம் மழையால அழுதது. அந்த மழையை யாராலயும் நிறுத்த முடியாது. அது அதிர்ஷ்டக் கணக்குதான்.

22.
ஆனா மழைக்குப் பிறகு வர்றது? பயிர்க் காப்பீட்டைப் பாருங்க. 2016-லிருந்து நடக்கிற திட்டத்துல, சில விதிவிலக்குத் தவிர, உங்க வயல்ல விளையலைன்னா மட்டும் போதாது. உங்க வருவாய்க் கிராமத்துக்கோ பிர்காவுக்கோ எடுத்த சராசரி விளைச்சல் குறைஞ்சிருக்கணும். பக்கத்து வயல்காரருக்கு நல்லா விளைஞ்சா உங்களுக்குப் பணம் குறையும். ஓடைக்கரை வயலுக்கும் மேட்டு வயலுக்கும் ஒரே சராசரி.

இது என் ஓபியில் தெரியும். வெள்ளாமை போன வருஷம் சுகர், பிரஷர் மாத்திரை வாங்குறவங்கள்ல சிலர் காணாமப் போயிடுவாங்க. விசாரிச்சா திருப்பூர், கோயம்புத்தூர்னு பிழைக்கப் போயிருப்பாங்க. ஆறு மாசம் கழிச்சு வாய் கோணி, ஒரு பக்கம் இழுத்துட்டு வருவாங்க. "கிரகம் சரியில்லை சார்"ம்பாங்க. எந்தக் கிரகம்?

23.
பஸ்ஸும் அப்படித்தான். 2021 மே மாசத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. முன்னெல்லாம் "மருமக காசு தரலை"ன்னு மாத்திரை வாங்க வராம விட்ட பாட்டிங்க இப்போ மாசா மாசம் தேதி தப்பாம வர்றாங்க. என் பிரிஸ்கிரிப்ஷன் செய்யாததை அந்த பஸ் செஞ்சது.

ஆனா மப்சல் பஸ்ஸுக்கு இது கிடையாது. டவுன் பஸ் நல்லா ஓடுற ஊர்ப் பாட்டிக்கு ஒரு ராசி, அது எட்டிப் பார்க்காத ஊர்ப் பாட்டிக்கு வேற ராசி. ஜாதகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் டைம் டேபிள் பார்த்தாலே போதும்.

24.
இதுக்காக யாராவது "தலையெழுத்து"ன்னு அழுதா அவங்ககிட்டப் போய் விளக்கம் சொல்லாதீங்க. அந்தம்மா மகளைப் பறிகொடுத்துட்டுச் சொன்ன வார்த்தை அது. அவங்களுக்கு அது ஒரு பிடிமானம். அதைப் பிடுங்க எனக்கு உரிமை இல்லை.

அதே வார்த்தையை நான் சொல்லக்கூடாது. என்னை மாதிரி சம்பளம் வாங்கிட்டுப் பொறுப்புல இருக்கிற யாரும் சொல்லக்கூடாது. இழந்தவங்க சொன்னா ஆறுதல். பொறுப்புல இருக்கிறவங்க சொன்னா அது சாக்கு.

25.
நீங்க என்ன செய்யலாம்? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூடும். கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிடாதீங்க. உட்கார்ந்து மூணு கேள்வி கேளுங்க.

நம்ம ஊர்லேருந்து ஆஸ்பத்திரிக்கு ராத்திரி பத்து மணிக்கு எப்படிப் போறது? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பாம்புக்கடி மருந்து இன்னிக்கு எத்தனை குப்பி இருக்கு? அறுவடைக்கு முன்னாடி யார் வந்து ஊருக்குச் சொல்லப் போறாங்க?

மூணாவது கேள்விக்கு என்னைக் கூப்பிடுங்க. வர்றேன். இந்தத் தடவை களைப்பா இருக்குன்னு சொல்ல மாட்டேன்.

26.
பாம்புக்கடி முதலுதவி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

✅ கடிபட்டவரை உட்கார வையுங்க அல்லது படுக்க வையுங்க. ஓட விடாதீங்க, நடக்க விடாதீங்க.
✅ மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல், வாட்ச் கழட்டுங்க. வீங்கும்.
✅ கை கால் ஒடிஞ்சா கட்டுற மாதிரி, ஒரு குச்சியோ அட்டையோ வச்சு அசையாமக் கட்டுங்க. இறுக்கக்கூடாது.
✅ 108-க்குக் கூப்பிடுங்க. தாமதமாகும்னா எந்த வண்டி கிடைக்குதோ அதில் விஷமுறிவு மருந்து இருக்கிற பக்கத்து அரசு மருத்துவமனைக்கு.
✅ எந்த நேரத்துல கடிச்சதுன்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

❌ கயிறு கட்டாதீங்க. கீறாதீங்க. வாயால உறிஞ்சாதீங்க. ஐஸ் வைக்காதீங்க.
❌ பாம்பைத் தேடி அடிச்சுக் கொண்டு வராதீங்க. அது எங்களுக்கு வேண்டாம். அடிக்கப் போய் ரெண்டாவது ஆளும் கடி வாங்கி வந்திருக்காங்க.
❌ "வலி இல்லையே"ன்னு விட்டுடாதீங்க. ராத்திரி தரையில் படுத்திருக்கும்போது கட்டு விரியன் கடிச்சா வலி, வீக்கம் இருக்காது. விடியக்காலையில் வயித்துவலி, கண் இமை தொங்குறது, பேச்சுக் குழறுறது இருந்தா உடனே கிளம்புங்க.

வயலுக்குப் பூட்ஸ், இருட்டுல டார்ச், தரையில் படுத்தா கொசுவலை. இது மூணும் எந்தக் கைராசி டாக்டரையும் விட நல்லது.

27.
புதூர்ல இறங்கும்போது பெரியவர் திரும்பவும், "ஒங்க கைராசி அப்படி"ன்னார். இந்தத் தடவை சொல்லிட்டேன். "ஐயா, ராசி என் கையில இல்லை. எக்ஸல் ஓட்டின அண்ணாச்சியைப் பார்த்தா அவருக்கு ஒரு கடலைமிட்டாய் வாங்கிக் கொடுங்க."

அவர் சிரிச்சார். "அவனுக்கு என்னைக்கோ குடுத்தாச்சு யய்யா. தீபாவளிக்கு ஒரு வேட்டியும் எடுத்துக் குடுத்தேன்ல."

அந்த அக்காவோட பிள்ளைங்க ரெண்டும் இப்போ பாட்டி வீட்டுலேருந்து பள்ளிக்கூடம் போகுதுங்க. பெரியவன் அடுத்த வருஷம் ஒன்பதாவது.

26-வது பதிவை உங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பிடுங்க. உளுந்து பிடுங்குற காலம் வருது.